ஆன்லைன் வகுப்பு தொடங்கும் முன்: பாடத்தைத் திட்டமிடுவது எப்படி?



2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து பள்ளிவாசலும் மக்தபும் பூட்டப்பட்டன. திருத்தணியில் என்னிடம் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓதியதை மறந்துவிடக் கூடாதே என்று ஜூம் வழியாக ஒரு குர்ஆன் வகுப்பு ஆரம்பித்தேன். முதல் நாள் 38 பிள்ளைகள் வந்தார்கள். திரை நிறையச் சின்னச் சின்ன முகங்கள். எனக்கும் பெரிய சந்தோஷம். மூன்றாம் வாரம் எண்ணிப் பார்த்தால் 11 பேர்.

பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று ஜும்ஆ பயானில் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகு வராத வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். ஒரு வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அதை அத்தா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். இன்னொரு வீட்டில் அதே நேரத்தில் அண்ணனுக்குக் கல்லூரி வகுப்பு. மூன்றாவது வீட்டில் அன்றைய ஒன்றரை ஜிபி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ஒரு தாய் சொன்னதுதான் இன்றைக்கும் மனதில் தைக்கிறது: “ஹஜ்ரத், அவ தினமும் உக்காந்துதான் இருந்தா. நீங்க அவ பேர ஒரு நாள்கூட கூப்பிடல.”

அது உண்மை. நாற்பது நிமிடத்தில் 38 பேரில் பத்துப் பேரை ஓதச் சொல்வதற்கே நேரம் போதவில்லை. கூப்பிட்டவர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். மக்தபில் பாய் விரித்து நடத்திய வகுப்பை அப்படியே தூக்கிப் போனுக்குள் வைத்தேனே தவிர, போனுக்கு என்று ஒரு பாடத்தை நான் திட்டமிடவே இல்லை.

இன்று நம் சமுதாயத்தில் ஆன்லைன் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. குர்ஆன், அரபி இலக்கணம், தையல், கணக்குப்பதிவு, கம்ப்யூட்டர் என்று வீட்டிலிருந்தே நடத்தும் சகோதரிகளும் உண்டு. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சேரும் பிள்ளைகளும் உண்டு. நடத்துபவர்களுக்கும் சேர்பவர்களுக்கும் உதவும் என்று நான் படித்ததையும் பட்டதையும் எழுதுகிறேன். மதரஸா முடித்த பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படித்தவன் நான். தபாலில் வந்த புத்தகக் கட்டை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் படிப்பது எப்படி இருக்கும் என்பது தெரியும்.

யாருக்காக?

வகுப்பு நடத்த விரும்புகிறவர்கள் முதலில் செய்வது நோட்டீஸ் அடிப்பதும் வாட்ஸ்அப் குரூப் தொடங்குவதும்தான். அதற்கு முன்னால், வரப்போகிறவர் யார் என்று கேட்டு எழுத வேண்டும். வயது என்ன, எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும், போன் யாருடையது, எந்த நேரத்தில் அது கையில் கிடைக்கும், ஏற்கெனவே எதுவரை தெரியும். இந்த ஐந்து கேள்விக்குப் பதில் இல்லாமல் போடும் அட்டவணை நம்முடைய வசதிக்கான அட்டவணையாகவே இருக்கும்.

மொழி விஷயத்தில் எங்கள் ஊர் ஒரு நல்ல பாடம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதி. தெலுங்கு கடைத்தெருவில் சாதாரணமாகப் புழங்கும். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பேச்சு உருது, பள்ளிக்கூடத்தில் எழுத்து தமிழ். முதல் வகுப்பில் நான் உருதுவில் தயாரித்த குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பினேன். பிள்ளைகளுக்கு உருது பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அம்மாமாரில் பாதிப் பேருக்கும் அப்படியே. உருதுவில் பேசி, தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கடைசியிலிருந்து தொடங்குதல்

பாடத்திட்டம் என்றதும் நாம் புத்தகத்தைத் திறந்து முதல் அத்தியாயத்தில் தொடங்குவோம். கல்வியாளர்கள் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் விக்கின்ஸ், மெக்டைக் என்ற இருவர் 1998இல் இதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார்கள். வகுப்பு முடியும் நாளில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பது முதலில். அதை அவர் செய்கிறார் என்று எப்படிச் சோதிப்பது என்பது இரண்டாவது. பாடம், வீடியோ, குறிப்பு எல்லாம் மூன்றாவதுதான்.

“தொழுகை பற்றிய முழுமையான அறிவு” என்று நோட்டீஸில் போடுகிறோம். இதை எப்படிச் சோதிப்பது? யாரிடமும் பதில் இருக்காது. அதையே “ஆறு வாரத்தில் அத்தஹிய்யாத், ஸலவாத், துஆ குனூத் மூன்றையும் பார்க்காமல் பிழையின்றி ஓதிக் காட்டுவார், ரக்அத்தில் சந்தேகம் வந்தால் ஸஜ்தா ஸஹ்வு எப்படிச் செய்வது என்று செய்து காட்டுவார்” என்று எழுதிப் பாருங்கள். பாடம் தானாக அளவுக்குள் வந்துவிடும். எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தையல் வகுப்பும் இப்படித்தான். “அடிப்படைத் தையல்” என்பது குறிக்கோள் அல்ல. “அளவு எடுத்து, துணி வெட்டி, ஒரு சாதாரண பிளவுஸைத் தானே தைத்து முடிப்பார்” என்பது குறிக்கோள். தெரிந்துகொள்வார், புரிந்துகொள்வார் என்ற சொற்களை எழுதும்போதெல்லாம் அடித்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலை எழுதுங்கள். நினைவில் வைத்திருப்பது, புரிவது, பயன்படுத்துவது எல்லாம் வெவ்வேறு படிகள் என்று பெஞ்சமின் புளூம் 1956லேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் பாடங்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

சென்னையிலிருந்து ஒரு முன்மாதிரி

இதையெல்லாம் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தை ஒருங்கிணைப்பது சென்னை ஐஐடி. முதலில் அவர்கள் செய்தது பேராசிரியர்களின் பாடங்களைப் பதிவுசெய்து இணையத்தில் வைப்பதுதான். பார்ப்பவர் பார்க்கலாம். ஆனால் பார்த்தவர் கற்றாரா என்று எப்படித் தெரியும்? 2014இல் சான்றிதழ்ப் பாடங்களைத் தொடங்கியபோது அமைப்பையே மாற்றினார்கள்.

இப்போது அவர்களுடைய பாடங்கள் 4, 8, 12 வாரம் என்ற அளவுகளில் வருகின்றன. 12 வாரப் பாடத்துக்குச் சுமார் 30 மணி நேர வீடியோ. அதை வாரவாரமாகத் திறக்கிறார்கள், மொத்தமாகக் கொட்டுவதில்லை. வாரம் ஒரு வீட்டுப்பாடம், அதற்குக் கடைசித் தேதி உண்டு. சேர்வது இலவசம். சான்றிதழ் வேண்டும் என்பவர் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் வீட்டுப்பாடத்துக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விதி. 12 வாரப் பாடத்தில் 12 வீட்டுப்பாடங்களையும் கணக்கில் எடுப்பதில்லை. சிறந்த 8ஐ மட்டும் எடுக்கிறார்கள். காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும், கரண்ட் போகும். நாலு வாரம் தவறினாலும் மாணவர் வெளியே தள்ளப்படுவதில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் “இனி எதற்கு” என்று மொத்தமாக நின்றுவிடுவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்தைத் தெரிந்து போட்ட விதி அது. ஆறு வார வகுப்பு நடத்தும் நாமும் இதைச் செய்யலாம்: ஆறில் நான்கு வாரம் ஒப்படைத்தால் போதும் என்று.

மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள்: வீடியோ, படித்துப் பார்க்க எழுத்துப் பாடம், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கேள்விகள், சந்தேகம் கேட்க ஓர் இடம். நம்மில் பெரும்பாலான வகுப்புகளில் முதல் பகுதி மட்டுமே உண்டு. நான்காவது பகுதியை வாட்ஸ்அப் குரூப் என்ற பெயரில் வைத்திருக்கிறோம். அதில் ஜும்ஆ முபாரக் படங்களுக்கு நடுவே சந்தேகங்கள் காணாமல் போகின்றன.

வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்து 2001இல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், இன்னொரு முன்மாதிரி. அவர்கள் சான்றிதழ்க் கல்வியை அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளையையும் கதை வாசிக்கும் பிள்ளையையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பதில்லை. அலிஃப் பா படிக்கும் பிள்ளையோடு ஜுஸ்உ அம்மா ஓதும் பிள்ளையையும் ஒரே லிங்கில் சேர்க்கிற நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

எவ்வளவு நேரம்?

2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்எக்ஸ் என்ற தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் பார்த்த நேரம் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. ஸ்டூடியோவில் பெருஞ்செலவில் எடுத்ததைவிட, ஆசிரியர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியதே அதிகம் ஈர்த்திருக்கிறது. கேமராவும் லைட்டும் வாங்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. வெளிச்சம் படும் ஜன்னலும் சத்தமில்லாத ஓர் அறையும் போதும்.

ஒரு வீடியோவில் ஒரே விஷயம். இரண்டு விஷயம் இருந்தால் இரண்டு வீடியோ. நான் இப்போது மத்துடைய விதி ஒன்றைச் சொல்வதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்து, கடைசியில் ஓர் ஆயத்தை ஓதி, அதைப் பிள்ளை ஓதி அனுப்பச் சொல்கிறேன்.

அளவாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமை தோறும் மக்களுக்கு உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யலாமே என்று ஒருவர் கேட்டபோது, உங்களுக்குச் சலிப்பு வந்துவிடும் என்றுதான் தவிர்க்கிறேன், நபி (ஸல்) அவர்களும் எங்களுக்குச் சலிப்பு ஏற்படாதபடி நேரம் பார்த்தே உபதேசிப்பார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி.

ஹிஃப்ழு மதரஸாக்களில் ஒரு பிள்ளையின் நாள் மூன்று பங்காக இருக்கும். சபக் என்பது இன்றைய புதிய பாடம். சபகீ என்பது கடந்த சில நாட்களில் ஓதியது. மன்ஸில் என்பது பழையதிலிருந்து ஒரு பங்கு. புதிய பாடத்துக்கு ஒரு பங்கு என்றால், பழையதைத் திருப்புவதற்கு இரண்டு பங்கு. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திருப்பினால் தங்குகிறது என்று எழுதினார். நம் உஸ்தாதுமார் அதைத் தினசரி நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே உஸ்தாதுமார் ஆன்லைனுக்கு வந்ததும் சபக் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறோம்! வாரத்துக்கு மூன்று புதிய வீடியோ என்று திட்டமிட்டிருந்தால் ஒன்றாகக் குறைத்து, மீதி இரண்டு நாளைத் திருப்புவதற்கு விடுங்கள். அது தையலானாலும் டேலியானாலும் பொருந்தும்.

நேரடியா, பதிவா?

ஒரே போன் உள்ள வீட்டுக்கு, மாலை ஐந்து மணிக்கு நேரடி வகுப்பு என்பது கதவை மூடுவதற்குச் சமம். பாடத்தைப் பதிவுசெய்து அனுப்பினால், அத்தா வேலை முடிந்து வந்த பிறகு எட்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே விளக்கம் எல்லாம் பதிவில். நேரடி நேரம் முழுக்கப் பிள்ளை ஓதுவதற்கும் நாம் திருத்துவதற்கும். மக்தபில் நேரில் எல்லாம் ஒன்றாக நடந்தது. இங்கே பிரித்தாக வேண்டும்.

ஓதலைத் திருத்துவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. ஜூம் போன்ற செயலிகள் மனிதப் பேச்சைத் தெளிவாக்குவதற்காக மற்ற சத்தங்களை வெட்டும். அந்த வெட்டில் ஸீனுக்கும் ஸாதுக்கும், ஹாவுக்கும் ஹேவுக்கும் உள்ள மெல்லிய வித்தியாசம் மங்கிவிடலாம். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பை இயக்கினால் அந்த வெட்டு நிற்கும். ஆனால் பின்னால் ஓடும் மின்விசிறியும் சேர்ந்து கேட்கும். எனக்கு அதைவிட எளிதாக இருந்தது, பிள்ளை ஓதி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவது. இரண்டு மூன்று முறை கேட்கலாம், எந்த இடத்தில் பிழை என்று குறித்துப் பதில் குரல் அனுப்பலாம். எல்லோரையும் மைக் திறக்கச் சொல்லிக் கோரஸாக ஓத வைக்கும் முயற்சியை மட்டும் செய்யாதீர்கள். இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்து வரும்; காதில் விழுவது சந்தைக் கூச்சல்தான்.

குரல் பதிவானாலும் நேரடியானாலும் கேட்பதற்கு ஒரு காது வேண்டும். குர்ஆன் ஓதல் உஸ்தாதுக்கு முன்னால் ஓதிக் காட்டித்தான் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் வந்தது. ஸனத் என்பதன் பொருளே அதுதான். யூடியூபில் ஆயிரம் முறை கேட்டாலும் அது நம் பிழையைச் சொல்லாது. என் வகுப்பில் ஒரு சிறுமி மூன்று வாரம் ஒரே இடத்தைத் தவறாக ஓதிப் பழகியிருந்தாள். அதைக் கலைக்க இரண்டு மாதம் ஆயிற்று. சொல்லாமல் இருந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஆகவே எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை ஆசைப்பட்டு முடிவு செய்யக் கூடாது. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால், 12 பிள்ளைகளுக்கு 36 நிமிடம். அதுதான் என் ஒரு வகுப்பின் அளவு. விளக்கம் மட்டும் சொல்லும் பாடம் என்றால் நூறு பேர்கூடச் சேரலாம். திருத்த வேண்டிய பாடம் என்றால் முடியாது.

சேர்கிறவர்கள் எல்லோரும் முடிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் வழியாகச் செயற்கை நுண்ணறிவு பற்றி இலவசமாக நடத்தப்பட்ட பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இதுதான் நிலை. 38இல் 11 என்பது அப்போது எனக்குப் பெரும் அவமானமாக இருந்தது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் மாதிரிப் பாடம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாரத்தில் என் பிள்ளை எத்தனை நிமிடம் பேசும், அதன் வேலையை யார் திருத்துவார் என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அது வெறும் வீடியோ விற்பனை.

சான்றிதழ் என்றால் யார் கொடுப்பது, எதற்குச் செல்லும் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆன்லைன் பட்டம் என்று நம்பிப் பெரிய தொகை கட்டியது. வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது செல்லாத காகிதம் என்று தெரிந்தது. ஆன்லைனில் பட்டம் தர யுஜிசி அனுமதித்த கல்வி நிறுவனங்களால் மட்டுமே முடியும்; அந்தப் பட்டியல் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: 2021 விதிமுறைப்படி, கல்லூரி ஒப்புக்கொண்டால் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து அந்த மதிப்பைக் கணக்கில் சேர்க்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

பிள்ளைகள் ஓதும் வீடியோவை ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் உஸ்தாதுமாரிடம் உண்டு, என்னிடமும் இருந்தது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண் பிள்ளையின் முகமும் பெயரும் ஊரும் யார் யார் போனுக்குப் போகின்றன என்று நமக்குத் தெரியாது. வகுப்புப் பதிவுகள் வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். உஸ்தாது பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல், தாயோ தந்தையோ இருக்கும் எண்ணுக்கே அனுப்புவது இரு தரப்புக்கும் நல்லது.

இன்னொன்று, நாட்காட்டி. ரமலான், பள்ளித் தேர்வு, பெருநாள் விடுமுறை மூன்றையும் முதலில் குறித்துவிட்டு மிச்சத்தில் வகுப்பை வையுங்கள். எங்கள் ஊரில் கூடுதலாக ஆடிக் கிருத்திகையும் டிசம்பர் 31 படித் திருவிழாவும் உண்டு. லட்சக்கணக்கில் கூட்டம் வரும், கடை வைத்திருக்கும் நம் வீடுகளில் பெரியவர் முதல் சிறியவர் வரை வியாபாரத்தில் இருப்பார்கள், செல்போன் சிக்னலும் திணறும். அந்த வாரங்களில் புதிய பாடம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். மன்ஸில் மட்டும் வைக்கிறேன்.

இப்போது எந்தப் புதிய வகுப்பானாலும் முதலில் மூன்று பிள்ளைகளை வைத்து ஒரு வாரம் நடத்திப் பார்க்கிறேன். ஒருவர் நன்றாக ஓதுகிறவர், ஒருவர் திணறுகிறவர், ஒருவர் வீட்டில் ஒரே போன் உள்ளவர். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே பாடத்தைத் திருத்துகிறேன். கடந்த முறை அந்த மூன்றாவது பிள்ளைக்கு வீடியோ திறக்கவே இல்லை, அளவு பெரிதாக இருந்ததால். ஒலிப்பதிவாக மாற்றி, ஒரு பக்கப் படத்தோடு அனுப்பினேன். அன்று இரவு ஒன்பதரைக்கு அவள் அத்தாவின் எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தது. ஒரு நிமிடம் பத்து வினாடி, ஓர் இடத்தில் மட்டும் மத்து குறைந்திருந்தது.